ஹீட் பம்ப் இருக்கிற வீட்ல தெர்மோஸ்டாட்டை நாமளே மாத்தலாமா?

நீங்க கேட்டதை நான் புரிஞ்சுகிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன், தப்பா இருந்தா திருத்துங்க. நார்த் கரோலினால, கேரி பக்கம், 1996ல கட்டின டவுன்ஹவுஸ் வாங்கியிருக்கீங்க. வீட்டுக்கு ஹீட் பம்ப், அதாவது குளிர்ல சூடும் தர்ற ஏசி, கேஸ் கனெக்‌ஷன் கிடையாது. சுவத்துல சூடு எவ்வளவு வேணும்னு வைக்கிற தெர்மோஸ்டாட், லீவர் தள்ளுற பழைய காலத்தது. அதை எடுத்துட்டு வைஃபை மாடல் ஒண்ணு போடலாம்னு கவரை கழட்டி பாத்தா ஏழு ஒயர்: ஆர், ஒய், ஜி, ஓ, டபிள்யூ2, ஈ, அப்புறம் பி-ன்னு எழுதின இடத்துல ஒரு நீல ஒயர். சி-ன்னு எதுவுமே இல்ல. புதுசுல பாத்தா ஓ-வும் பி-யும் சேத்து ஒரே ஓட்டையா இருக்கு. ஆள கூப்பிட்டா 250 டாலர் கேக்குறாங்க. பக்கத்து வீட்டு நண்பர் போன குளிர்ல தானே மாத்தியிருக்காரு, ஜனவரி பில் டபுளா வந்துச்சாம். அதனால "நானே மாத்தலாமா, வேண்டாமா"ன்னு கேட்டிருக்கீங்க. எனக்கு தெரிஞ்சு இதுக்குள்ள ரெண்டு கேள்வி ஒளிஞ்சிருக்கு, அந்த நீல ஒயரை எங்க சொருகணும்ங்கறது ஒண்ணு, அவருக்கு வந்த பில் நமக்கு வராம எப்படி பாத்துக்கறதுங்கறது இன்னொண்ணு. ரெண்டாவதுதான் பெரிய கேள்வி.

நான் ஊர்ல ஐடிஐல ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏசி மெக்கானிக் படிச்சு, சென்னைல ஸ்ப்ளிட் ஏசி வேலை பாத்துட்டு, இங்க வந்து ரொம்ப வருஷமா வீட்டு ஹீட்டிங் கூலிங் சர்வீஸ்தான் பண்றேன், அதுல பாதிக்கு மேல ஹீட் பம்ப். அந்த அனுபவத்துல சொல்றேன், நீங்களே மாத்தலாம். இது 24 வோல்ட் கண்ட்ரோல் சர்க்யூட், ரெஃப்ரிஜரன்ட், அதாவது ஏசிக்குள்ள ஓடுற கேஸ், அந்த லைன்ல கை வைக்கப் போறதில்ல, அதனால அதை தொடுறவங்களுக்கு அமெரிக்க அரசு கேக்கிற இபிஏ 608 சர்டிஃபிகேட் எல்லாம் இதுக்கு தேவையில்ல. ஆனா மூணு விதமான வீடுகள்ல கை வைக்காதீங்க. பழைய தெர்மோஸ்டாட் பின்னாடி நல்ல தடியா ரெண்டு மூணு ஒயர் வந்து பிளாஸ்டிக் தொப்பி போட்டு முறுக்கி இருந்தா அது 120 இல்லைன்னா 240 வோல்ட், சுவரோரமா கீழ வைக்கிற பேஸ்போர்டு ஹீட்டருக்கானது, அதுல இந்த 24 வோல்ட் சாமானை மாட்டினா புகைஞ்சிடும். நாலே நாலு ஒயர் வந்து ஏ, பி, சி, டி-ன்னு எழுதியிருந்தாலோ, ஐ பிளஸ், ஐ மைனஸ்-ன்னு எழுதியிருந்தாலோ அது கம்யூனிகேட்டிங் சிஸ்டம், அந்த கம்பெனியோட தெர்மோஸ்டாட் மட்டும்தான் அதோட பேசும். மூணாவது, ரிமோட்ல ஓடுற மினி ஸ்ப்ளிட், அதுக்கும் இந்த டப்பா நேரா பொருந்தாது. உங்க லிஸ்ட்டை பாத்தா மூணுலயும் நீங்க இல்ல, சாதாரண 24 வோல்ட் ஹீட் பம்ப், தைரியமா இறங்கலாம்.

கொஞ்சம் பொறுத்துக்கோங்க, மெஷின் எப்படி ஓடுதுன்னு சொல்லாம ஒயரை பத்தி பேசினா குழப்பம்தான் வரும். ஹீட் பம்ப்ங்கறது ரெண்டு பக்கமும் ஓடத் தெரிஞ்ச ஏசி. வெயில் காலத்துல உள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ளும், குளிர் காலத்துல வெளிய இருக்கிற சூட்டை, ஆமா 35 டிகிரி ஃபாரன்ஹீட்லயும் காத்துல சூடு இருக்கு, அதை இழுத்து உள்ள கொண்டு வரும். திசையை மாத்துறது ரிவர்ஸிங் வால்வ்னு ஒண்ணு, அதுக்கு ஒரு சின்ன காயில், அந்த காயிலுக்கு போறதுதான் ஓ ஒயர் இல்லைன்னா பி ஒயர். இது தவிர வீட்டுக்குள்ள ஃபேன் இருக்கிற பெட்டி, ஏர் ஹேண்ட்லர்னு பேரு, அதுல கரண்ட்ல சூடாகுற ஹீட் ஸ்ட்ரிப் இருக்கும், நம்ம ஊர்ல பக்கெட்ல தண்ணி காய வைக்கிற ராடோட பெரியண்ணன்னு வச்சுக்கோங்க. அதுக்குதான் ஆக்ஸிலரி, சுருக்கமா ஆக்ஸ்னு பேரு, டபிள்யூ2 ஒயர் அதை எழுப்பும். ஸ்ட்ரிப் ஒரு யூனிட் கரண்ட் தின்னா ஒரு யூனிட் சூடுதான் தரும், அதுக்கு மேல ஒரு துளி வராது. கம்ப்ரஸர் அப்படி இல்ல, வெளிய 47 டிகிரி இருக்கும்போது ஒரு யூனிட்டுக்கு மூணு யூனிட் அளவு சூடு கொண்டு வரும், குளிர் ஏற ஏற அது குறையும், ஆனா ஒழுங்கா இருக்கிற மெஷின்னா 17 டிகிரிலயும் ஸ்ட்ரிப்பை விட மேலதான். 10 கிலோவாட் ஸ்ட்ரிப் குடுக்கிற சூடு மணிக்கு சுமாரா 34,000 பிடியூ (சூட்டை அளக்கிற அளவு), கிட்டத்தட்ட ஒரு 3 டன் ஹீட் பம்ப் குடுக்கிற அளவு. ஒரே சூடு, ஆனா விலை ரெண்டு மடங்கு மூணு மடங்கு. அந்த ரெண்டுல எப்ப எது ஓடணும்னு முடிவு பண்ற ஆளு தெர்மோஸ்டாட். பில் விவகாரம் மொத்தமும் இங்கதான் இருக்கு.

இப்ப ஒயருக்கு வருவோம். கலரை நம்பாதீங்க, எந்த எழுத்துல மாட்டியிருக்குன்னு மட்டும் பாருங்க. மஞ்சள்னா ஒய், பச்சைன்னா ஜி அப்படின்னு ஒரு பழக்கம் இருக்கு, சட்டம் கிடையாது, அன்னைக்கு கையில என்ன கலர் மிச்சம் இருந்துச்சோ அதை மாட்டிட்டு போன வீடு நிறைய பாத்திருக்கேன். ஆர்ங்கறது 24 வோல்ட் வர்ற ஒயர். ஒய் கம்ப்ரஸரை கிளப்பும், ஜி உள்ள இருக்கிற ஃபேனை. ஓ ரிவர்ஸிங் வால்வுக்கு. இது வரைக்கும் உங்க வீட்ல சந்தேகமே இல்ல, புது தெர்மோஸ்டாட்ல அதே எழுத்துல போய் உக்காரும், ஓ மட்டும் அந்த ஓ/பி ஓட்டைல. ஆர்-ல ஆர்எச், ஆர்சி-ன்னு ரெண்டு ஓட்டை இருந்து நடுவுல ஒரு துண்டு ஒயர் பாலம் மாதிரி போட்டிருந்தா அந்த துண்டை புதுசுக்கு கொண்டு போக வேண்டாம், இப்ப வர்ற மாடல் பெரும்பாலும் உள்ளயே சேத்துக்கும், ஆனா உங்க மாடலோட பேப்பர்ல ஒரு வரி படிச்சு உறுதி பண்ணிக்கோங்க.

நீல ஒயர். இங்கதான் ஆளுங்க மாட்டிக்கறாங்க. பி-ங்கற ஒரே எழுத்துக்கு ரெண்டு அர்த்தம் நடைமுறைல இருக்கு. ரீம், ரூட் கம்பெனி மெஷின்ல பி-ன்னா ரிவர்ஸிங் வால்வ், ஹீட்டிங் ஓடும்போது அதுக்கு கரண்ட் போகும். மத்த பெரிய கம்பெனிங்க பெரும்பாலும் ஓ, அதாவது கூலிங் ஓடும்போது வால்வுக்கு கரண்ட். ஆனா பழைய ட்ரேன், அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் மெஷின்ல பி-ன்னு எழுதி அதுல நீல ஒயர் மாட்டியிருந்தா அது காமன், அதாவது 24 வோல்ட் கரண்ட் திரும்பி போற ஒயர், வைஃபை மாடலுக்கு வேணும்னு இன்னைக்கு சி-ன்னு சொல்றமே அதேதான். உங்க வீட்ல ஓ-லயும் ஒயர் இருக்கு, பி-லயும் ஒயர் இருக்கு. ஒரு மெஷினுக்கு வால்வை அசைக்க ரெண்டு ஒயர் தேவையில்ல, அதனால பி உங்களுக்கு காமனா இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம். அந்த பழைய தெர்மோஸ்டாட்ல ஆக்ஸ், எமர்ஜென்சின்னு ரெண்டு குட்டி லைட் எரியும்னு சொல்லியிருக்கீங்க, அந்த லைட் எரியவும் காமன் வேணும், இதுவும் அதே பக்கம்தான் கை காட்டுது. அப்படின்னா நீங்க தேடிகிட்டு இருந்த சி ஒயர் கண்ணு முன்னாடியே இருக்கு, தனியா அடாப்டர் ஒண்ணும் வாங்க வேண்டியதில்ல.

ஆனா "வாய்ப்பு அதிகம்"ங்கறதை வச்சு மாட்டிடாதீங்க. காமனை கொண்டு போய் புதுசுல ஓ/பி ஓட்டைல சொருகிட்டீங்கன்னு வைங்க, தெர்மோஸ்டாட் எப்ப வால்வுக்கு கரண்ட் அனுப்புதோ அப்ப ஆர்-ல இருந்து வர்ற 24 வோல்ட் நேரா காமனுக்கு போய் ஷார்ட் ஆகும். ஏர் ஹேண்ட்லர் போர்டுல கார்ல போடற மாதிரி 3 ஆம்ப் இல்லைன்னா 5 ஆம்ப் பியூஸ் இருந்தா அது போகும், சில்லறை காசு. 1996 மெஷினா இருந்தா பியூஸே இல்லாமலும் இருக்கலாம், அப்ப டிரான்ஸ்ஃபார்மரே அவுட். டெஸ்டர் வச்சு பாத்துடலாமேன்னு தோணும், அதுலயும் ஒரு பொறி இருக்கு. ஆர்-க்கும் பி-க்கும் நடுவுல டெஸ்டரை வச்சா 24 வோல்ட் காட்டும், "சரி காமன்தான்"னு முடிவு பண்ணிடுவீங்க. பி ஒருவேளை வால்வ் காயிலுக்கு போற ஒயரா இருந்தாலும் அதே 24தான் காட்டும், ஏன்னா காயிலோட இன்னொரு முனை காமன்ல இருக்கு, டெஸ்டர் இழுக்கிற துளி கரண்டுக்கு காயில் ஒரு தடையே இல்ல. அதனால ஒரே நிச்சயமான வழி, ஏர் ஹேண்ட்லரோட பிரேக்கரை ஆஃப் பண்ணிட்டு, க்ளோசெட்லயோ ஆட்டிக்லயோ இருக்கிற அந்த பெட்டியோட கவரை திறந்து, நீல ஒயர் எங்க போய் முடியுதுன்னு கண்ணால பாக்கறது. டிரான்ஸ்ஃபார்மரோட காமன் முனைலயோ, போர்டுல சி இல்லைன்னா பி-ன்னு போட்டு அவுட்டோர் யூனிட்டோட காமனும் வந்து சேர்ற இடத்துலயோ இருந்தா புதுசுல சி-ல போடுங்க. கவரோட உள்பக்கம் ஒயரிங் படம் ஒட்டியிருப்பாங்க, அதை போட்டோ எடுத்துக்கோங்க, அதுல டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து வர்ற கோட்டை விரலை வச்சு தொடர்ந்து போனீங்கன்னா பி எதுன்னு தெளிவா தெரிஞ்சிடும். படமும் கிழிஞ்சு போயி, ஒயரும் நடுவுல எங்கயோ முறுக்கி சேத்து கலர் மாறி போகுதுன்னா அந்த இடத்துல நிறுத்துங்க, அதை நான் இங்க இருந்து சொல்றது ஊகமாதான் இருக்கும்.

ஈ ஒயர் எமர்ஜென்சி ஹீட்டுக்கு. நிறைய வீட்ல ஈ-யும் டபிள்யூ2-வும் கடைசில அதே ஸ்ட்ரிப்புக்குதான் போகும், புது தெர்மோஸ்டாட்ல ஈ-க்குன்னு ஓட்டையே இல்லைன்னா டபிள்யூ2-வை டபிள்யூ1/ஆக்ஸ்-ன்னு போட்ட இடத்துல மாட்டிட்டு, ஈ-யோட நுனியில டேப் சுத்தி உள்ள தள்ளிடலாம், எமர்ஜென்சி மோடை அது ஆக்ஸ் வழியாவே பாத்துக்கும். ஆனா ஸ்ட்ரிப்பை ரெண்டு பகுதியா பிரிச்சு ஈ-க்கு ஒண்ணு, டபிள்யூ2-க்கு ஒண்ணுன்னு கட்டின வீடும் இருக்கு, அங்க ஈ-யை டேப் போட்டு விட்டா கம்ப்ரஸர் படுத்த அன்னைக்கு பாதி சூடுதான் வரும். எப்படியும் பெட்டியை திறக்க போறீங்க, அப்படியே இதையும் பாத்துடுங்க, ரெண்டும் ஒரே முனைக்கு போனா கவலையில்ல.

மாட்டுற வேலைல பெருசா ஒண்ணும் இல்ல. குளிரும் வெயிலும் இல்லாத ஒரு நாள், ஏப்ரல் மாதிரியோ அக்டோபர் மாதிரியோ, காலைல ஆரம்பிங்க, ஏதாவது சிக்கினாலும் குழந்தைங்க குளிர்ல தூங்க வேண்டி வராது. ஏர் ஹேண்ட்லருக்கும் அவுட்டோர் யூனிட்டுக்கும் தனித்தனி பிரேக்கர், டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது ஏர் ஹேண்ட்லர் பக்கம், ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. ஒயரை தொடுறதுக்கு முன்னாடி போட்டோ, எழுத்து தெரியற மாதிரி கிட்ட வச்சு ஒண்ணு, மொத்தமா ஒண்ணு. டப்பால குடுக்கிற ஸ்டிக்கரை ஒவ்வொரு ஒயர்லயும் ஒட்டுங்க, பழைய எழுத்து பி-யா இருந்தா பி-ன்னே ஒட்டுங்க, மனசுல சி-ன்னு மாத்தி ஒட்டாதீங்க, நாளைக்கு யாராவது வந்து பாக்கும்போது குழம்பும். பழைய பிளேட்டை கழட்டும்போது ஒயர் கொத்து சுவத்துக்குள்ள வழுக்கி போயிடும், ஒரு பென்சிலை குறுக்க வச்சு அதுல சுத்தி விட்டுடுங்க. இன்னொண்ணு, எல்லாரும் விட்டுடற விஷயம், ஒயர் வர்ற அந்த சுவர் ஓட்டை. அதுக்குள்ள இருந்து குளிர் காத்து வந்து தெர்மோஸ்டாட்டோட முதுகுல அடிச்சா, ரூம் 70 இருந்தாலும் அது 67-ன்னு நினைச்சுக்கும், ஹீட்டிங் சும்மா ஓடிகிட்டே இருக்கும். கொஞ்சம் புட்டியோ பஞ்சோ வச்சு அடைச்சுட்டு பிளேட்டை மாட்டுங்க.

இப்ப பக்கத்து வீட்டுக்காரர் பில். அவர் வீட்டை நான் பாக்கல, அதனால இதுதான்னு சொல்ல மாட்டேன், ஆனா தெர்மோஸ்டாட் மாத்தின அதே குளிர்ல பில் டபுள் ஆச்சுன்னு கூப்பிடற வீடுகள்ல நான் போய் பாக்கறது திரும்ப திரும்ப மூணே காரணம்தான். முதலாவது, செட்டப்ல "உங்க சிஸ்டம் என்ன"ன்னு கேக்கும்போது ஹீட் பம்ப்னு சொல்லாம ஃபர்னஸ்னு (கேஸ் மாதிரி எரிச்சு சூடாக்குற மெஷின்) சொல்லிடறது. அப்ப ஹீட்டிங் கேட்டா தெர்மோஸ்டாட் டபிள்யூ ஒயரை மட்டும் எழுப்பும், ஸ்ட்ரிப் ஓடும், கம்ப்ரஸர் குளிர்காலம் முழுக்க தூங்கும். இதுல கொடுமை என்னன்னா வீடு நல்லா சூடாவே இருக்கும், சொல்லப்போனா முன்னைவிட சூடான காத்து வரும், "புதுசு சூப்பரா வேலை செய்யுது"ன்னு சந்தோஷமா இருப்பாங்க, பில் வரும்போதுதான் தெரியும். கணக்கு போட்டு பாருங்க, 10 கிலோவாட் ஸ்ட்ரிப் ஒரு மணி நேரத்துக்கு 10 யூனிட், ஜில்லுன்னு இருக்கிற ராத்திரில அதே சூட்டை கம்ப்ரஸர் சுமார் 4 யூனிட்ல குடுக்கும்னு வைங்க. ராத்திரிக்கு ஆறு மணி நேரம், முப்பது நாள், 1,080 யூனிட் வித்தியாசம். யூனிட் 13 சென்ட்னு எடுத்தாலே மாசம் 140 டாலர், உங்க ரேட்டை போட்டு நீங்களே பாத்துக்கோங்க.

ரெண்டாவது காரணம் இன்னும் மோசம், ஓ/பி திசை தப்பா இருக்கிறது. ஓ மெஷினுக்கு பி-ன்னு செட் பண்ணிட்டா ஹீட்டிங் கேக்கும்போது கம்ப்ரஸர் கூலிங் ஓட்டும். ரூம் இன்னும் இறங்கும், இறங்கினதை பாத்து தெர்மோஸ்டாட் ஆக்ஸையும் கூப்பிடும், ஒரு பக்கம் ஏசி, ஒரு பக்கம் ஸ்ட்ரிப், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மல்லுக்கட்டிகிட்டு வெதுவெதுன்னு ஒரு காத்து வரும். மூணாவது, ரொம்ப நைசா இருக்கிற ஒண்ணு, கம்ப்ரஸருக்கு வெளி டெம்பரேச்சர் கட்டுப்பாடு. சில மாடல்ல அட்வான்ஸ்டு செட்டிங் உள்ள "வெளிய இவ்வளவு டிகிரிக்கு கீழ போனா கம்ப்ரஸரை ஓட்டாதே"ன்னு ஒரு எண் முன்கூட்டியே போட்டிருக்கும், 35 மாதிரி. நம்ம பக்கம் ஜனவரி ராத்திரி நிறைய நாள் அதுக்கு கீழதான் இருக்கும், அப்ப ராத்திரி பூரா ஸ்ட்ரிப் மட்டும்தான் ஓடும். உங்க வீட்ல கேஸ் இல்ல, எல்லாமே கரண்ட், அதனால அந்த எண்ணை எவ்வளவு கீழ இறக்க முடியுமோ இறக்குங்க, ஆஃப் பண்ண வழி இருந்தா ஆஃப் பண்ணுங்க, மெஷின் மேனுவல்ல வேற மாதிரி சொல்லியிருந்தா மட்டும் அதை கேளுங்க. இந்த பதிலை கேஸ் ஃபர்னஸும் ஹீட் பம்பும் சேந்து இருக்கிற வீட்டுக்காரங்க படிச்சா, இந்த வரியை அப்படியே எடுத்துக்காதீங்க, அங்க ஃபர்னஸும் கம்ப்ரஸரும் ஒரே நேரத்துல ஓடவே கூடாது, டூயல் ஃபியூயல்னு தனியா செட் பண்ணணும், கணக்கே வேற.

இதுக்கு நேர் எதிர் பக்கம் இன்னொரு எண் இருக்கும், "வெளிய இவ்வளவு டிகிரிக்கு மேல இருந்தா ஆக்ஸை ஓட்டாதே". இதை உங்களுக்காக செட் பண்ணிக்கோங்க. 35ல ஆரம்பிங்கன்னு நான் சொல்வேன், இது நிச்சயமான எண் கிடையாது, உங்க வீட்டு இன்சுலேஷன், ஜன்னல், டக்ட், மெஷினோட வயசு எல்லாத்தையும் பொறுத்தது. 36, 38 டிகிரி இருக்கிற ஒரு காலைல கம்ப்ரஸர் மட்டும் ஓடி ரூமை பிடிச்சு நிறுத்துதான்னு பாருங்க, நிறுத்துச்சுன்னா இன்னும் அஞ்சு டிகிரி இறக்கி பாக்கலாம், ரூம் மெல்ல இறங்கிகிட்டே போனா அஞ்சு ஏத்துங்க. நெஸ்ட் மாதிரி மாடல்ல எண்ணுக்கு பதிலா ஹீட் பம்ப் பேலன்ஸ்னு ஒண்ணு இருக்கும், அதை மேக்ஸ் சேவிங்ஸ்ல வச்சு ஒரு வாரம் ஓட்டி பாருங்க. வெளி டெம்பரேச்சரை இது வைஃபை வழியா வானிலைல இருந்து எடுக்கும், அதனால இன்டர்நெட் போனா இந்த கட்டுப்பாடு எப்படி நடந்துக்கும்ங்கறது மாடலுக்கு மாடல் மாறும்.

வைஃபை மாடல் வாங்குறதே ஆபீஸ் போகும்போது 62க்கு இறக்கி, வரும்போது 70க்கு ஏத்தி காசு மிச்சம் பண்ணத்தான்னு எழுதியிருக்கீங்க. கேஸ் ஃபர்னஸ் வீட்ல அது சரி. ஹீட் பம்ப்ல அப்படியே நகல் எடுக்காதீங்க. கம்ப்ரஸர் மெதுவா, ரொம்ப நேரம் ஓடி சூடேத்துற சாமான், சாயங்காலம் ஆறு மணிக்கு திடீர்னு எட்டு டிகிரி ஏத்துன்னு சொன்னா அது "என்னால ஆகாது"ன்னு ஆக்ஸை கூப்பிடும், ரூமுக்கும் கேட்ட அளவுக்கும் ரெண்டு மூணு டிகிரி இடைவெளி வந்தாலே பெரும்பாலான மாடல் கூப்பிட்டுடும், பகல் பூரா மிச்சம் பண்ணதை அந்த ஒரு மணி நேரம் தின்னுட்டு போயிடும். மேல சொன்ன ஆக்ஸ் கட்டுப்பாடு போட்டிருந்தா இந்த சிக்கல் நிறைய குறையும், ஆனா ஏறுறதுக்கு நேரம் எடுக்கும், அதனால முன்னாடியே கிளம்புற ரிகவரி வசதியை ஆன் பண்ணி வைங்க. என்னை கேட்டா குளிர்ல ரெண்டு மூணு டிகிரிக்கு மேல இறக்காதீங்க, வாரக்கணக்குல ஊருக்கு போனா வேற விஷயம். வெயில் காலத்துல இந்த கவலையே இல்ல, கூலிங்ல ஸ்ட்ரிப் வர்றதில்ல, தாராளமா ஏத்தி இறக்குங்க. அப்புறம் எமர்ஜென்சி ஹீட், வெளிய ஐஸ் விழுதுன்னா எமர்ஜென்சின்னு நினைச்சு அதுல போட்டுட்டு மறந்து போறவங்க நம்மாளுங்கள்ல நிறைய பேர், அது வெளி யூனிட் ரிப்பேர் ஆன அன்னைக்கு மட்டும் தொட வேண்டியது.

மாட்டி முடிச்சதும் ஸ்க்ரீன்ல வர்ற எழுத்தை நம்பி கவரை மூடிடாதீங்க. கரண்ட் போட்டதும் ஸ்க்ரீனே வரலைன்னா முதல்ல ஏர் ஹேண்ட்லர் கவர் சரியா உக்காந்திருக்கான்னு பாருங்க, பல பெட்டில கவர் அழுத்தினாதான் கரண்ட் போற ஸ்விட்ச் ஒண்ணு இருக்கும், அப்புறம் பியூஸ், அப்புறம் தண்ணி தட்டுல மிதக்கிற ஃப்ளோட் ஸ்விட்ச். ஸ்க்ரீன் வந்துச்சுன்னா கூலிங்ல ஒரு தடவை, ஹீட்டிங்ல ஒரு தடவை ஓட்டுங்க, நடுவுல கம்ப்ரஸர் கிளம்ப அஞ்சு நிமிஷம் போல ஆகும், அது பாதுகாப்புக்கு வச்சிருக்கிற தாமதம், பதறி மாத்தி மாத்தி அமுக்காதீங்க. ஹீட்டிங் ஓடும்போது ஆக்ஸ் வராத மாதிரி ஒரே ஒரு டிகிரி மட்டும் ஏத்தி வச்சுட்டு பத்து நிமிஷம் கழிச்சு வெளிய போங்க. அவுட்டோர் யூனிட்ல ரெண்டு செம்பு பைப் உள்ள போகும், ஒண்ணு ஒல்லி, ஒண்ணு தடியா கருப்பு ஃபோம் சுத்தி இருக்கும். அந்த ஃபோம் விலகி செம்பு தெரியற இடத்துல விரலை லேசா வச்சு எடுங்க. ஹீட்டிங்ல அந்த தடி பைப் சுடணும், கையை வச்சிருக்க முடியாத அளவுக்கு கூட சுடும். ஜில்லுன்னு வேர்த்து இருந்தா ஓ/பி திருப்பி இருக்கு, செட்டிங்ல மாத்தினா போதும், ஒயரை தொட வேண்டாம். பைப் சும்மா வெளிக் காத்து சூட்டுலதான் இருக்கு, வெளி யூனிட் ஃபேனும் சுத்தல, ஆனா உள்ள சூடா காத்து வருதுன்னா நான் சொன்ன முதல் காரணம், ஸ்ட்ரிப் மட்டும் ஓடுது. இந்த ஒரு தொட்டு பாக்குற சோதனை எந்த ஆப்பையும் விட எனக்கு நம்பிக்கை.

ரெண்டு விஷயம் பாத்து பயந்துடாதீங்க. ஹீட் பம்ப் காத்து குளிர் நாள்ல 90 டிகிரி பக்கம்தான் வரும், நம்ம உடம்பு சூடு அதைவிட கூட, அதனால கையை நீட்டினா சூடாவே தெரியாது, ரூம் ஏறுதான்னு மட்டும் பாருங்க. இன்னொண்ணு டிஃப்ராஸ்ட், வெளி காயில்ல பனி படிஞ்சா மெஷின் சில நிமிஷம் தானா கூலிங் பக்கம் திரும்பி அதை உருக்கும், வெளிய புகை மாதிரி ஆவி கிளம்பும், உஸ்ஸுன்னு சத்தம் வரும், அந்த நேரம் அவுட்டோர் போர்டே நேரா ஸ்ட்ரிப்பை எழுப்பிடும், நீங்க தெர்மோஸ்டாட்ல ஆக்ஸுக்கு என்ன கட்டுப்பாடு போட்டிருந்தாலும் சரி. அது தப்பு இல்ல. ஆனா எல்லா செட்டிங்கும் சரி, பைப்பும் சுடுது, அப்பவும் 45 டிகிரி நாள்ல ரூம் பிடிக்க மாட்டேங்குது, ஆக்ஸ் இல்லாம முடியல அப்படின்னா அது தெர்மோஸ்டாட் குத்தம் கிடையாது, ஃபில்டர் அடைச்சிருக்கலாம், ரெஃப்ரிஜரன்ட் கம்மியா இருக்கலாம், டக்ட் எங்கயோ கழண்டு ஆட்டிக்கை சூடு பண்ணிகிட்டு இருக்கலாம், அதுல ஃபில்டரை தவிர மத்ததுக்கு ஆள்தான் வரணும்.

250 டாலர் குடுக்கலாமான்னா, நீல ஒயர் எங்க முடியுதுன்னு கண்ணால பாத்து புரிஞ்சதுன்னா குடுக்க வேண்டாம். புரியலைன்னா குடுங்க, ஆனா வர்றவர்கிட்ட சும்மா மாட்டிட்டு போக சொல்லாதீங்க, "ஹீட்டிங்ல ஆக்ஸ் இல்லாம ஓட்டி காட்டுங்க, கம்ப்ரஸர் கட்டுப்பாடு எவ்வளவுல வச்சிருக்கீங்க"ன்னு ரெண்டு கேள்வி கேளுங்க. மாட்டுறதுக்கு அரை மணி நேரம்தான், காசு குடுக்கறதே அந்த ரெண்டு பதிலுக்குதான். பக்கத்து வீட்டு நண்பரையும் இன்னைக்கு சாயங்காலமே அந்த தடி பைப்பை தொட்டு பாக்க சொல்லுங்க, அவருக்கு அடுத்த பில் வர்றதுக்குள்ள தெரிஞ்சிடும்.

கடைசியா, கழட்டின பழைய தெர்மோஸ்டாட்டை குப்பைல போட்டுடாதீங்க. லீவர் மாடல்னு சொல்றீங்க, கவரை எடுத்து பாத்தா உள்ள சின்ன கண்ணாடி குப்பி, அதுல வெள்ளி மாதிரி உருளுற திரவம் இருந்தா அது பாதரசம், குப்பி ஒண்ணுக்கு சுமார் 3 கிராம் இருக்கும், ஹீட் பம்ப் மாடல்ல ஒண்ணுக்கு மேலயே இருக்கும். சுவத்துல இருந்து எடுக்கும்போதும் தட்டாம, சாய்க்காம எடுத்து, ஒரு ஜிப் கவர்ல போட்டு, கவுண்டியோட ஹசார்டஸ் வேஸ்ட் வாங்குற இடத்துல குடுத்துடுங்க. குப்பி இல்லாத மாடலா இருந்தாலும் புதுசு ஒரு குளிரும் ஒரு வெயிலும் ஒழுங்கா ஓடுற வரைக்கும் பழசை எடுத்து வைங்க, நடு ராத்திரி புதுசு படுத்துச்சுன்னா போட்டோவை பாத்து திரும்ப மாட்டிக்கலாம்.